படிக்காமல் பார்ப்பது எப்படி? தமிழ் எழுத்துருக்களைக் கவனிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

உங்கள் தெருமுனை மளிகைக் கடையின் பெயர் என்ன என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவீர்கள். அந்தப் பெயர்ப்பலகையில் மெய்யெழுத்தின் புள்ளி உருண்டையா, சதுரமா, உள்ளே வெற்றிடம் விட்ட வளையமா என்று கேட்டால்? பத்து வருடமாகத் தினமும் பார்க்கும் பலகையாக இருந்தாலும் பெரும்பாலோருக்குச் சொல்ல வராது. படிக்கத் தெரிந்த கண் எழுத்தில் நிற்பதில்லை. நேராக அர்த்தத்துக்குப் போய்விடுகிறது.

நான் சில வருடங்கள் டி.டி.பி. வேலை, அதாவது அச்சுக்குப் போகும் பக்கங்களைக் கணினியில் அமைக்கும் வேலை பார்த்தவன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் செய்திருக்கிறேன். அந்த நாட்களில்கூட எழுத்துருவைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்ல முடியாது. பட்டியலில் மேலே எது இருந்ததோ அதைப் போட்டேன். பார்க்கக் கற்றுக்கொண்டது பிறகுதான். அதை எந்த வரிசையில் கற்றுக்கொண்டால் சுலபம் என்று இப்போது எனக்குத் தெரிவதால் எழுதுகிறேன். ஒரு போன் கேமரா, ஒரு சின்ன நோட்டு, ஒரு மாதம் போதும்.

படி 1: ரூபாய் நோட்டைத் தலைகீழாகப் பிடியுங்கள்

ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுத்துப் பின்பக்கம் திருப்புங்கள். அங்கே 15 மொழிகளில் தொகையை அச்சிட்டிருப்பார்கள். மேலிருந்து 13-வது வரி தமிழ். முதலில் அதைப் படித்துவிடுங்கள். அப்புறம் நோட்டைத் தலைகீழாக்குங்கள்.

இப்போது ‘நூறு ரூபாய்’ என்று கண் படிக்காது. வளைவுகளும் கோடுகளும் மட்டும் தெரியும். எந்தக் கோடு தடிமன், எது மெலிசு, வளைவு எங்கே திரும்புகிறது, எழுத்துகளுக்கு நடுவில் எவ்வளவு வெள்ளை இருக்கிறது என்று பாருங்கள். திரும்ப நேராக்குங்கள். ‘நூ’-வில் ஊகாரம் ஒரு விதமாகவும் ‘ரூ’-வில் வேறு விதமாகவும் இருப்பது இப்போது உறைக்கும். உகர, ஊகாரக் குறிகள் எல்லா எழுத்திலும் ஒரே மாதிரி ஒட்டிக்கொள்வதில்லை. தமிழ் எழுத்துரு வரைகிறவர்களுக்கு அதிக வேலை வைக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

நோட்டில் இருக்கும் ரூபாய்க் குறியீட்டையும் பார்த்துவிடுங்கள். 2010-ல் ஏற்கப்பட்ட அந்தக் குறியீட்டை வடிவமைத்தவர் உதயகுமார் தர்மலிங்கம். மும்பை ஐ.ஐ.டி.யில் தமிழ் எழுத்துருவியலில் ஆய்வு செய்தவர். ‘பராசக்தி’ என்று ஒரு தமிழ் எழுத்துருவும் உருவாக்கியிருக்கிறார். தமிழ் எழுத்தின் வளைவுகளில் ஊறிய கை இந்தியா முழுக்கப் புழங்கும் ஒரு வடிவத்தை வரைந்தது என்பது எனக்கு இன்றைக்கும் பெரிய சந்தோஷம்.

தலைகீழாகப் பார்ப்பதை ஒரு வாரம் செய்யுங்கள். பிஸ்கட் பாக்கெட், காலண்டர் தாள், பஸ் டிக்கெட் என்று கைக்கு வருவது எதுவானாலும் சரி.

படி 2: ஐந்து இடங்களை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்

247 எழுத்தையும் ஒரே நேரத்தில் கவனிக்க முடியாது. தேவையும் இல்லை. ஒரு எழுத்துருவின் குணம் சில இடங்களில்தான் வெளிப்படும். நான் பார்ப்பது இந்த ஐந்து.

முதலாவது புள்ளி. உருண்டையா, சதுரமா, வளையமா? எழுத்தின் தலையை ஒட்டி இருக்கிறதா, உயரத்தில் மிதக்கிறதா? தமிழ் வாக்கியத்தில் மெய்யெழுத்துகள் நிறைய வருவதால் ஒரு பக்கத்தின் மேல் எத்தனையோ புள்ளிகள் தூவிக் கிடக்கும். அவை சின்னதாக இருந்தால் தூரத்தில் காணாமல் போகும். பெரிதாக இருந்தால் கண் அவற்றிலேயே தடுக்கும். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளியே வைக்கமாட்டார்கள், ஓலை கிழிந்துவிடும் என்பதால் என்று சொல்வதுண்டு. அச்சு வந்த பிறகு நமக்கு நிலைத்துக் கிடைத்த அடையாளம் அது. அதை அக்கறையோடு வைத்திருக்கும் எழுத்துருவை நான் நம்புவேன்.

இரண்டாவது ‘ண’. அதன் சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளையைப் பாருங்கள். சாதாரண தடிமனில் எந்த எழுத்துருவும் சமாளித்துவிடும். போல்டு ஆக்கும்போதுதான் தெரியும். சுழிகள் அடைத்துக் கறுப்புக் கட்டியாகிவிட்டால் வரைந்தவர் போல்டுக்காக உட்கார்ந்து யோசிக்கவில்லை என்று அர்த்தம். நல்ல எழுத்துருவில் ‘ண’ கொஞ்சம் அகலமாகி, உள்ளே காற்றுப் போக இடம் விட்டிருக்கும்.

மூன்றாவது, ‘ர’-வும் துணைக்காலும். ‘பார்’ என்று எழுதியிருந்தால் ‘ா’ எங்கே முடிகிறது, ‘ர்’ எங்கே தொடங்குகிறது? பழைய சுவடிகளில் இரண்டுக்கும் ஒரே வடிவம். பிறகு ‘ர’-வுக்குக் கீழே ஒரு சாய்ந்த கால் கொடுத்துப் பிரித்தார்கள். ஆனால் ‘ர்’, ‘ரி’, ‘ரீ’ மூன்றிலும் அந்தச் சாய்ந்த காலை விட்டுவிடும் வழக்கம் அச்சில் தொடர்ந்தது. இன்றைய எழுத்துருக்கள் சிலவற்றிலும் இருக்கிறது. மேலே புள்ளியோ விலங்கோ (இகர, ஈகாரக் குறி) இருப்பதால் குழப்பம் வராது என்பது அதற்குப் பின்னால் உள்ள கணக்கு. எனக்குச் சாய்ந்த கால் எல்லா இடத்திலும் இருப்பதுதான் பிடிக்கும், குறிப்பாகப் பிள்ளைகள் படிக்கும் புத்தகத்தில். நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம். எங்கே பார்க்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

நான்காவது ‘ழ’-வின் வால். கீழே இறங்கி வெட்டென்று நிற்கிறதா, இடப்பக்கம் வளைந்து ஓய்கிறதா? ஐந்தாவது கொம்பு. ‘கெ’, ‘கே’ இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிறிய அளவில் எகரக் கொம்புக்கும் ஏகாரக் கொம்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் ‘செடி’யும் ‘சேடி’யும் ஒன்றாகிவிடும்.

படி 3: எந்தக் கருவி வரைந்தது?

ஒரு வடிவம் பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால், அதை எது அப்படி ஆக்கியது என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விதான் என் பார்வையை மாற்றியது.

எழுத்தாணி ஓலையைக் கீறும். அதில் தடிமன், மெலிசு என்ற பேதம் பெரிதாக வராது; ஒரே கனத்தில் ஓடும் கோடு. இன்று போன் திரையில் பார்க்கும் பல எழுத்துருக்களும் ஒரே கனக் கோடுதான் என்பது எனக்கு அழகான தற்செயலாகத் தோன்றும்.

அச்சுக்கு எழுத்து வார்க்கும் ஈயத்துக்கு வேறு கவலை. தமிழ் எழுத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ல் கொல்லத்தில் வெளிவந்தது. அச்சிட்டவர் போர்ச்சுக்கீசியப் பாதிரியார் அண்ட்ரிக் அடிகளார். 130 வருடத்துக்கு மேல் கழித்துத் தரங்கம்பாடியில் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு அச்சகம் தொடங்கியபோது, தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டுக் கப்பலில் வந்தன. அவை மிகப் பெரியவை. அந்த அளவில் அச்சிட்டால் காகிதம் கட்டுப்படியாகாது. அதனால் பக்கத்திலேயே, பொறையாரில் சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715-ல் முழுமையடைந்த தமிழ்ப் புதிய ஏற்பாட்டில் அந்தச் சிறிய எழுத்துகளும் உண்டு. காகிதத் தட்டுப்பாடு எழுத்தின் அளவைத் தீர்மானித்தது. எழுத்து சின்னதாகும்போது சுழியும் புள்ளியும் என்ன ஆகும் என்ற கேள்வி அன்றைக்கே வந்துவிட்டது.

பிரஷ் இன்னொரு உலகம். கையால் எழுதிய பலகை உங்கள் ஊரில் எங்காவது மிச்சம் இருக்கும்: சலூன் கண்ணாடி, பழைய லாரியின் பின்பக்கம், பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி, தேர்தலுக்கு முன்பே கட்சிப் பெயரும் வருடமும் எழுதிப் பிடித்துவைத்த சுவர். பக்கத்தில் போய்ப் பாருங்கள். கோடு தொடங்கும் இடத்தில் பெயிண்ட் கெட்டியாக இருக்கும், முடியும் இடத்தில் பிரஷின் மயிர்த்தடம் தெரியும். ஷேடு கொடுத்திருந்தால் அது எல்லா எழுத்துக்கும் ஒரே பக்கம் விழுகிறதா பாருங்கள். நேர்கோட்டுக்கு ஷேடு யாரும் கொடுக்கலாம். ‘ண’-வின் சுழிகளுக்கு உள்ளே ஷேடு சரியாக விழவேண்டும் என்றால் அந்தக் கைக்கு எழுத்தின் ஒவ்வொரு திருப்பமும் மனப்பாடம். இடம் போதாமல் கடைசி இரண்டு எழுத்து நெருங்கியிருந்தால்கூட அவர் அவற்றை நெருக்கி *வரைந்திருப்பார்*, அமுக்கியிருக்கமாட்டார். இந்த வித்தியாசம் ஐந்தாம் படியில் உதவும்.

பிளக்ஸ் வந்ததும் அந்த எழுத்துகள் பெருமளவு போய்விட்டன. பிளக்ஸ் பேனரில் எனக்குள்ள வருத்தம் அதன் பளபளப்பு இல்லை. மஞ்சள் நீராட்டு விழாவுக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் அதே எழுத்துருவைப் போடுவதுதான். நானும் போட்டிருக்கிறேன்.

படி 4: 1978-க்கு முன்னா, பின்னா?

பழைய கட்டடம், கல்வெட்டுப் பலகை, தாத்தாவின் புத்தகம் எதையாவது பார்த்தால் ‘லை’, ‘னை’, ‘ணை’, ‘ளை’ எப்படி இருக்கின்றன என்று தேடுங்கள். இப்போது நாம் எழுத்துக்கு முன்னால் தனியாக ஒரு இணைக்கொம்பு போடுகிறோம். முன்பு எழுத்தின் தலையிலிருந்தே யானைத் துதிக்கை போல ஒரு வளைவு கிளம்பும். ‘ணா’, ‘றா’, ‘னா’ மூன்றிலும் கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு சுருண்டிருக்கும். அவற்றின் ஒகர, ஓகார வடிவங்களும் அப்படியே. மொத்தம் 13 எழுத்து. பெரியார் 1935-லேயே தன் ‘குடி அரசு’ இதழில் இவற்றை மாற்றி அச்சிடத் தொடங்கினார். தமிழ்நாடு அரசு ஆணை 1978 அக்டோபரில், எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்தது.

ஆகவே ஒரு பலகையில் துதிக்கை ‘லை’ இருந்தால் அது அந்த ஆணைக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். உறுதி என்று சொல்லக் கூடாது. கையெழுத்தில் அந்த வடிவம் ஆணைக்குப் பிறகும் வெகுகாலம் இருந்தது. என் அம்மா இன்றைக்கும் ‘மலை’யை அப்படித்தான் எழுதுகிறார். பழமைத் தோற்றத்துக்காக இப்போது வேண்டுமென்றே போடுபவர்களும் உண்டு.

சீர்திருத்தம் சரியா என்பதில் உங்களுக்கென்று ஒரு கருத்து வரட்டும். என்னுடையது இது: துதிக்கை ‘லை’ பார்வைக்கு எனக்கு மிகவும் பிடித்த வடிவம். ஆனால் ஈயம் கோர்த்தவருக்கும் தட்டச்சு செய்தவருக்கும் அந்தப் 13 எழுத்தும் தனிச்சுமை. படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கும்தான். மாற்றியது நல்லது. கடிதத்தில் பார்த்தால் ஏங்குவேன், பாடப்புத்தகத்தில் வேண்டும் என்று கேட்கமாட்டேன்.

படி 5: எழுத்துருவின் குற்றமா, கையாண்டவர் குற்றமா?

பார்க்கத் தொடங்கியதும் எரிச்சலும் தொடங்கும். எரிச்சலை யார்மேல் வைப்பது என்று பிரிக்கத் தெரிய வேண்டும்.

அதிகம் நடப்பது அமுக்கல். தமிழ் எழுத்து அகலமானது; பலகை சின்னது. அகலத்தை 70 சதவீதமாகக் குறைத்தால் அடங்கிவிடும். நான் ஒரு கல்யாணப் பத்திரிகையில் உறவினர் பெயர் வரிசைக்கு இதைத்தான் செய்தேன். வீட்டுப் பெரியம்மா ஒருவர் அதைக் கையில் வாங்கி, கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, கடைசியில் பேரனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அவர் பெயரும் அந்த வரிசையில் இருந்தது. இரண்டு வரியாகப் பிரித்திருக்கலாம், அளவைக் குறைத்திருக்கலாம். அன்றைக்குப் பிறகு எழுத்தை அமுக்குவதில்லை.

அமுக்கியதைக் கண்டுபிடிக்க ‘ப’-வைப் பாருங்கள். பக்கவாட்டில் நெருக்கினால் நிமிர்ந்த இரண்டு கோடும் மெலிந்துவிடும், கீழே உள்ள கிடைக்கோடு பழைய கனத்திலேயே நிற்கும். சில எழுத்துருக்களை அப்படியே வரைந்திருப்பார்களே என்று சந்தேகம் வந்தால் புள்ளிக்குப் போங்கள். உருண்டைப் புள்ளி நின்ற முட்டையாகியிருந்தால் அமுக்கியது உறுதி. படுத்த முட்டை என்றால் இழுத்திருக்கிறார்கள்.

அடுத்தது உடைசல். கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் நிற்கும். அல்லது புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்று முளைத்து அதன்மேல் கொம்பு தொங்கும். கணினிகளுக்கான பொது எழுத்துக் குறியீடான யூனிகோடில் ‘கெ’ என்பது முதலில் ‘க’, பிறகு எகரக் குறி என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவர வேண்டியது மென்பொருளின் வேலை. தமிழ் தெரியாத மென்பொருள் அதைச் செய்யாது. வெளிநாட்டு விமான நிலைய அறிவிப்புகளிலும் பன்மொழிப் பிரசுரங்களிலும் தமிழ் சிதைந்து வருவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். அச்சுக்குப் போகும் முன் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டினால் தீரும் விஷயம். அந்த ஒருவரை யாரும் கூப்பிடவில்லை என்பதைத்தான் அந்தப் பலகை சொல்கிறது.

கண்ணுக்கே தெரியாத உடைசலும் உண்டு. ‘ர்’ இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலும் புள்ளியும் சேர்ந்து நிற்கும். பார்க்க ஒன்றுபோல இருக்கும்; ஆனால் அந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்புகளில் இது சகஜம்.

படி 6: எழுத்துக்கு நடுவிலும் வரிக்கு நடுவிலும்

இது சுருக்கமானது. செய்தித்தாளின் ஒடுங்கிய பத்தியில் சொல்லிடைவெளிகளைப் பாருங்கள். நீளமான தமிழ்ச் சொற்களை இரு ஓரமும் சமமாக நிரப்பும்போது நடுவில் வெள்ளை ஓட்டைகள் விழும். அதைத் தவிர்க்க இணைப்புக்கோடு இல்லாமலே சொல்லை உடைப்பார்கள். நமக்கு அது பழகிவிட்டது. அடுத்த வரி மெய்யெழுத்தில் தொடங்கினால் மட்டும் எனக்கு ஒப்பாது. வரியிடைவெளி குறைந்தால் மேல்வரியின் ‘ழு’ வால் கீழ்வரியின் ‘கீ’ விலங்கில் இடிக்கும். ஆங்கிலத்துக்குச் செய்த வடிவமைப்பில் தமிழை அப்படியே கொட்டினால் இது நடக்கும்.

படி 7: மளிகைப் பட்டியலை வைத்துச் சோதியுங்கள்

இலவசமாகக் கிடைக்கும் நான்கைந்து எழுத்துருக்களை இறக்கிக்கொள்ளுங்கள். கட்டமரன், முக்தா மலர், ஹிந்த் மதுரை, பலூ தம்பி, கவிவனார், நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் கூகுள் ஃபாண்ட்ஸில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இதைத் தட்டுங்கள்:

*மஞ்சள், வாழைப்பூ, கொண்டைக்கடலை, ஜீரகம், இஞ்சி, நூறு கிராம் வெண்ணெய், கூழ் வற்றல், ஸ்ரீரங்கம் மூக்குப்பொடி*

அகலமான ‘ஞ்ச’, வால் உள்ள ‘ழை’, கொம்பும் காலும் சேர்ந்த ‘கொ’, கிரந்த ‘ஜீ’, ‘ஸ்ரீ’, விதவிதமான உகரங்கள் எல்லாம் இதில் வந்துவிடும். கிரந்த எழுத்து மற்றவற்றோடு ஒரே குடும்பமாக இருக்கிறதா, விருந்தாளி மாதிரி நிற்கிறதா என்று பாருங்கள். பெரிய அளவில் பாருங்கள், பிறகு மிகச் சிறிய அளவில், பிறகு போனைக் கைநீளத் தூரத்தில் வைத்து. பெரிய அளவில் மயக்கும் எழுத்துரு சிறிய அளவில் கைவிடலாம். கவிவனாரை நான் ஒரு கடித வாழ்த்துக்குப் போடுவேன். அதன் சாய்வில் கையெழுத்தின் ஓட்டம் இருக்கிறது. அதை வரைந்தவர் இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ். ஆனால் மருந்துச் சீட்டுக்குப் போடமாட்டேன்.

ஒரே வாட்ஸ்அப் செய்தியை இரண்டு போன்களில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதும் நல்ல பயிற்சி. ஐபோனில் தெரிவது தமிழ் சங்கம் எம்.என். அந்த ‘எம்.என்.’ அதை உருவாக்கிய மலேசியாவின் முத்து நெடுமாறன். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் நோட்டோ இருக்கும், விண்டோஸ் கணினியில் நிர்மலா. அதே சொற்கள்தான், ஆனால் குரல் மாறும்.

படி 8: பக்கத்து மொழியோடு வைத்துப் பாருங்கள்

ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகை முன் நில்லுங்கள். தமிழ், இந்தி, ஆங்கிலம். மூன்றும் ஒரே உயரமாகத் தெரிகின்றனவா? அளந்தால் சமமாக இருக்கலாம், ஆனால் கண்ணுக்குச் சமமாகத் தெரிய வேண்டும். ஆங்கிலப் பேரெழுத்துகளுக்கு மேலும் கீழும் ஒன்றும் நீளாது. தமிழுக்கு விலங்கு மேலே, வால் கீழே. மொத்த உயரத்தைச் சமமாக்கினால் தமிழின் உடல் சுருங்கிவிடும். இலங்கைப் பலகைகளில் சிங்களமும் தமிழும் அருகருகே வருவதால் அங்கே இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. மூன்று மொழிப் பலகையில் ஒன்று மட்டும் மெலிந்து தெரிந்தால் படம் எடுத்து வையுங்கள்.

படி 9: கருத்தை எழுதுங்கள்

‘அழகாக இருக்கிறது’, ‘நன்றாக இல்லை’ என்ற இரண்டையும் நோட்டில் எழுதக் கூடாது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கே, யார் படிக்க, எவ்வளவு தூரத்திலிருந்து என்று முதலில் எழுதுங்கள். அப்புறம் ஒரு கருத்து, அதில் ‘ஏனென்றால்’ கட்டாயம் வர வேண்டும். ஒரு மாதம் கழித்து அதே இடத்துக்குப் போய், கருத்து மாறியிருந்தால் பழையதை அடிக்காமல் கீழே புதியதை எழுதுங்கள். என் நோட்டிலிருந்து சில:

*டவுன் பஸ்ஸின் எல்.இ.டி. பலகை. நிறுத்தத்தில் நிற்பவர்கள், முப்பதடி. புள்ளிக்கு ஒரே ஒரு விளக்கு, தலைக்கோட்டை ஒட்டியே. பிடிக்கவில்லை, ஏனென்றால் ஓடும் பஸ்ஸில் ‘ண்’ணும் ‘ண’வும் ஒன்றாகத் தெரிகின்றன. ஊர்ப்பெயரைப் பாதியாவது ஊகித்துத்தான் ஏற வேண்டியிருக்கிறது.*

*மின் கட்டண அட்டை. வீட்டுக்காரர், கைத்தூரம். எழுத்து நெருக்கம், புள்ளி நின்ற முட்டை. எழுத்துருவைக் குறை சொல்லமாட்டேன், ஏனென்றால் அமுக்கியிருக்கிறார்கள்.*

*சைக்கிள் கடைச் சுவர், ‘பஞ்சர் பார்க்கப்படும்’. ரோட்டின் எதிர்ப்பக்கம். நீலம், வெள்ளை ஷேடு. ‘ஞ்’-ஐ மற்ற எழுத்தைவிட அகலமாக எழுதியிருக்கிறார். பிடித்திருக்கிறது, ஏனென்றால் எதிர்ப்பக்கத்திலிருந்தும் அதன் உள்வளைவு திறந்தே தெரிகிறது.*

*அதே சுவர், ஐந்து வாரம் கழித்து. மழையில் ஷேடு பாதி போய்விட்டது. ‘ஞ்’ இன்னும் தெரிகிறது. கடைக்காரரிடம் எழுதியவர் யார் என்று கேட்டேன். அவருடைய அப்பா.*